திரையிலே ஒரு தந்தை: ‘மகாநதி’ படத்தின் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தங்கவயலின் சுரங்க வரலாற்றையே நாம் எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். லவேல் துரை 1875ஆம் ஆண்டில் உரிமம் பெற்றது முதல், 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது ஈறாக உள்ள செய்திகளை நம்மினும் கற்றறிந்தார் பலர் எழுதியுள்ளனர், இனியும் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அது ஒரு திரைப்படத்தின் வரலாறு. பெரும் எதிர்பார்ப்போடு வெளிவந்து, அவ்வெதிர்பார்ப்புக்கு ஏற்ற வெற்றியை அடையாது போன ஒரு படம். குற்றத்தையும் தந்தைமையையும் ஒருங்கே பொருளாகக் கொண்ட ‘மகாநதி’ என்பது அதன் பெயர்.

திரைப்படமும் வரலாறாகுமோ என அன்பர்கள் வினவலாம். ஆகும் என்பதே நம் கருத்து. கல்வெட்டும் செப்பேடும் அரசர் செயலைக் கூறும். எளிய மக்கள் எதைக் கண்டு சிரித்தனர், எதைக் கண்டு அஞ்சினர், எதைக் காணப் பொறாது எழுந்து சென்றனர் என்பதை அறியவேண்டின், கொட்டகையின் வாயிலில் நின்றே அறிதல் வேண்டும். எட்டு மணி நேரம் மண்ணுக்கடியில் வேலை செய்து மேலேறி வந்த நம் முன்னோர்க்குப் படக்காட்சி என்பது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. இதனை நம் லைன் வீடுகளில் பிறந்தோர் எவரும் மறுக்கமாட்டார்.

தமிழ்ப் படவுலகில் குற்றமும் தந்தைமையும் இணைந்து வருதல் புதிதன்று. 1950ஆம் ஆண்டில் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவார் ‘ஏழை படும் பாடு’ என்னும் படத்தை வெளியிட்டனர். பிரெஞ்சுப் பேரறிஞர் விக்தோர் ஹ்யூகோவின் புதினத்தைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார். அதனைத் தழுவி எழுந்த படம் அது. கே. ராம்நாத் இயக்கினார். ரொட்டி திருடிச் சிறை சென்றவன், பின்னர்த் தான் பெறாத ஒரு பெண்ணுக்குத் தந்தையாகி வாழும் கதை. சித்தூர் வி. நாகையா அவ்வேடத்தைத் தாங்கினார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அன்று முதல் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே வழங்கப்படலானார். மூல நூலில் வரும் காவலனின் பெயர் தமிழ் நடிகர் ஒருவருக்கு அடைமொழியாகிவிட்டது வியப்பேயாகும்.

அதே சீதாராமன் திரைக்கதை எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் தோன்றிய ‘அந்த நாள்’ 1954ஆம் ஆண்டில் வந்தது. இது தந்தைமையைப் பற்றியதன்று. ஆயினும் ஈண்டுக் குறிக்கத் தக்கது. ஏனெனின், எதிர்பார்த்த வெற்றி கிட்டாத நல்ல படங்களின் வரிசையில் முதலில் வைக்கத்தக்கது அதுவே. ஏவி. எம். நிறுவனத்தார் தயாரிப்பு; வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கணேசன் நாயகர். பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம். பாட்டின்றிப் படமா என மக்கள் முகஞ்சுளித்தனர்; வசூல் இல்லை. பின்வந்தோர் அதனைப் போற்றாத நாள் இல்லை.

பின்னர், 1972ஆம் ஆண்டில் ‘ஞான ஒளி’, 1974ஆம் ஆண்டில் ‘தங்கப்பதக்கம்’ என இரு படங்கள். இரண்டையும் பி. மாதவன் இயக்கினார், இரண்டிலும் சிவாஜி கணேசனே தந்தை. முன்னதில் தந்தை குற்றவாளி. மகளைக் கண்டும் காணாதவர்போல் மறைந்து வாழவேண்டியவர். பின்னதில் மகன் குற்றவாளி. தந்தை காவல்துறை அதிகாரி. கடமையின் பொருட்டுப் பெற்ற மகனையே சுட்டு வீழ்த்தும் சௌத்ரி என்னும் அவ்வேடத்தை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? இரு படங்களும் மாபெரும் வெற்றி பெற்றன. இவ்வெற்றியின் காரணத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. இரண்டிலும் தந்தை உயர்ந்தே நிற்கிறார். அழுதாலும் உயர்ந்து நின்று அழுகிறார். கொட்டகையில் அமர்ந்திருக்கும் தந்தை, ‘நம்மால் இயலாதது இவரால் இயன்றது’ என்று பெருமிதங்கொண்டு வெளியே வருகிறார்.

1987ஆம் ஆண்டில் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘காட்பாதர்’ படத்தின் சாயலும், பம்பாய் வாழ் தமிழர் வரதராஜ முதலியாரின் வாழ்க்கைச் சாயலும் அதில் உண்டு. அம்முதலியார் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் இரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தே தம் வாழ்வைத் தொடங்கியவர் என்பர். இரயில்வே ஊழியர் என்ற முறையில் இச்செய்தியில் நமக்கு ஒரு தனி ஈடுபாடு. புலம்பெயர்ந்த தமிழரின் கதை என்பதால் தங்கவயலார்க்கும் அப்படத்தில் ஒரு சொந்தம் இருந்தது. அதிலும் தந்தை குற்றவாளியே. மகனை இழக்கிறார், மகள் வெறுத்து விலகுகிறாள். ஆயினும் ஊரே அவர்க்குக் கைகூப்புகிறது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அதனால் கிடைத்தது. 1992ஆம் ஆண்டில் அவரே கதை எழுதித் தயாரித்த ‘தேவர் மகன்’ வந்தது. தந்தை விட்டுச்சென்ற பொறுப்பை மகன் ஏற்கும் கதை, அதுவும் பெருவெற்றி.

இவ்வளவும் முன்னுரையாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. 1994ஆம் ஆண்டுப் பொங்கலன்று ‘மகாநதி’ வெளிவந்தபோது மக்கள் மனத்தில் இருந்தது இத்தகைய தந்தையே. வேலு நாயகரையும் சக்திவேலையும் கண்ட கண்கள் மீண்டும் அவர்போல் ஒருவரைக் காணவே கொட்டகைக்கு விரைந்தன. கண்டதோ முற்றிலும் வேறு.

கதையைச் சுருங்கக் கூறுவோம். கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூர், காவிரிக் கரை. மனைவியை இழந்த கிருஷ்ணசாமி, தன் மாமியார், மகள் காவேரி, மகன் பரணி ஆகியோருடன் குறைவின்றி வாழ்கிறான். அயல்நாடு சென்று செல்வனாய் மீண்ட பழைய தோழனைக் கண்டதும், தன் மக்களும் அவ்வாறு வாழவேண்டும் என்னும் ஆசை முளைக்கிறது. அவ்வமயம் பார்த்துச் சென்னையிலிருந்து தனுஷ் என்னும் இனிய சொல்லன் ஒருவன் வருகிறான். சீட்டு நிறுவனத்தில் பங்கு சேரலாம் என்கிறான். முதலில் மறுத்த கிருஷ்ணசாமி பின்னர் இசைகிறான். நிலத்தைவிட்டு நகருக்குக் குடும்பத்தோடு பெயர்கிறான். மக்கள் போட்ட பணம் மறைகிறது, பழி இவன் தலையில் விழுகிறது, சிறை. உள்ளே கொடிய சிறையதிகாரி. ஒரே ஆறுதல் பஞ்சாபகேசன் என்னும் முதிய கைதி. வெளியே மாமியார் நோயுற்று இறக்கிறாள். பிள்ளைகள் இருவரும் காணாமற் போகின்றனர். விடுதலையாகி வந்தவன் மகனைத் தெருக்கூத்தாடுவோரிடையே கண்டெடுக்கிறான். பாட்டியின் மருத்துவத்திற்குப் பணங்கேட்டுச் சென்ற சிறுமி காவேரியோ, சீரழிக்கப்பட்டுக் கல்கத்தாவின் சோனாகாச்சித் தெருவில் விற்கப்பட்டிருக்கிறாள். தந்தை சென்று, அடிபட்டு, அழுது, அங்குள்ள பெண்களே மனமிரங்க, மகளை மீட்டு வருகிறான். பின்னர்ப் பழிவாங்கல், மீண்டும் சிறை.

கதைமாந்தர் பெயர்களை நோக்குமின். காவேரி, பரணி, கிருஷ்ணா, யமுனா, நர்மதா, சரஸ்வதி என யாவும் ஆறுகளின் பெயர்கள். சந்தான பாரதி இயக்கினார். இவரே 1991ஆம் ஆண்டில் கமல்ஹாசனை வைத்துக் ‘குணா’வை இயக்கியவர், அதுவும் அன்று கூட்டம் சேராது போன படமே. கதை கமல்ஹாசனுடையது. உரையாடலில் அவருடன் குமுதம் இதழின் எழுத்தாளர் ரா. கி. ரங்கராஜன் பங்கு கொண்டார். இளையராஜா இசை, பாடல்கள் வாலி, ஒளிப்பதிவு எம். எஸ். பிரபு. பூர்ணம் விசுவநாதன், எஸ். என். லட்சுமி, சுகன்யா, ராஜேஷ் ஆகியோர் உடன் நடித்தனர். மலையாள நடிகர் கொச்சின் ஹனீபா தனுஷாக வந்தார். சிறையதிகாரியாக வந்த சங்கர் இன்றளவும் ‘மகாநதி’ சங்கர் என்றே அறியப்படுகிறார். ஜாவர் சீதாராமனுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. திரைப்படத் தொகுப்புக்கு அவிட் என்னும் கணினி முறையை இந்தியாவில் முதன்முதலாகக் கையாண்ட பெருமையும் இப்படத்திற்கு உண்டு.

இக்கதை தோன்றிய வகையைக் கமல்ஹாசனே பிற்காலத்தில் வெளியிட்டார். தம் வீட்டில் வேலை செய்தோர் சிலர், தம் மகளைக் கடத்திப் பணம் பறிக்கத் திட்டமிட்டதை உரிய நேரத்தில் அறிந்துகொண்டாராம். அவ்வச்சமே கதையாயிற்று என்பது அவர் கூற்று. இதனை அறிந்தபின் படத்தைக் காண்போர்க்கு, அதில் வரும் தந்தையின் முகத்தில் நடிப்பைக் கடந்த ஒன்று இருப்பது ஏன் என்று விளங்கும்.

இனி வரவேற்பைக் காண்போம். அதே பொங்கலுக்கு மணிவண்ணனின் ‘அமைதிப்படை’யும், ஏவி. எம். நிறுவனத்தாரின் ‘சேதுபதி ஐ.பி.எஸ்.’ படமும் வெளிவந்தன. ‘அமைதிப்படை’யும் குற்றமும் தந்தைமையும் பற்றிய கதையே என்பதை நம்மவர் பலர் எண்ணியதில்லை. பெண்ணொருத்தியை ஏமாற்றிக் கைவிட்டவன் தேர்தலில் வென்று பெரிய மனிதனாகிறான். அவள் வயிற்றுப் பிள்ளை காவலனாக வளர்ந்து அவன் எதிரே நிற்கிறான். சத்யராஜ் இருவராகவும் நடித்தார். தந்தைமைக்கே இழுக்கான அத்தந்தையைக் காண ஊரெல்லாம் திரண்டது; அவன் பேச்சை இளைஞர் மனப்பாடம் செய்தனர். தன் மக்களைத் தேடி அலைந்த நல்ல தந்தையைக் காண வந்தோர் தொகை அதனின் குறைந்தது. ‘மகாநதி’ அறவே வீழ்ந்தது எனல் மிகை. பத்திரிகைகள் புகழ்ந்தன. 41ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்னும் விருதும், ஒலிப்பதிவுக்கான விருதும் கிடைத்தன. ஆனால் ‘தேவர் மகன்’ கண்ட கூட்டத்தை நோக்கும்போது இது எட்டியதோ மிகச் சிறிது.

காரணம் யாதென ஆராய்வோர், ‘சோகம் மிகுதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். இது நமக்கு உடன்பாடன்று. தமிழர் சோகத்துக்கு அஞ்சுவோர் அல்லர். ‘பாசமலர்’ கண்டு அழுத மக்கள் நாம். அழுகையில் இருவகை உண்டு. ஒன்று, அழுதபின் நெஞ்சு இலேசாவது. மற்றொன்று, அழவும் ஒட்டாமல் தொண்டையில் நிற்பது. ‘மகாநதி’ இரண்டாம் வகை.

ஈண்டு நம் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற அன்பர்கள் பொறுத்தருள்க. அந்நாளில் நாம் பள்ளிச் சிறுவர். நம் தந்தையாரை நைனா என்றே அழைப்போம். சாம்பியன் ரீஃபில் வேலை; மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. கேஜில் இறங்கும்போதும் பாறை வெடித்து லைன் வீட்டின் பாத்திரங்கள் அதிரும்போதும் கலங்காத மனிதர் என்று அம்மா சொல்வதுண்டு. ராபர்ட்சன்பேட்டைக் கொட்டகை ஒன்றில் இப்படம் வந்தபோது, முதல் ஷிப்டு முடிந்து வந்து, எங்களையெல்லாம் அழைத்துச் சென்றார். நமக்கு இளையவள் அவர் மடியிலேயே இருந்தாள். கல்கத்தாத் தெருவில் அத்தந்தை மகளைக் காணும் இடம் வந்தது. நைனா எழுந்தார். “வா, வீட்டுக்குப் போலாம்” என்றார். முழுத் தொகை கொடுத்து வாங்கிய சீட்டு; அம்மா தயங்கினார். “கெளம்புன்னா கெளம்பு” என்று இருட்டிலேயே தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். வாசலில் எங்களுக்கு முன்னரே வேறு இரு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்விரு குடும்பத்துத் தலைவர்களும் சுரங்கத்தார் என்பதை அவர்தம் நடையைக்கொண்டே அறியலாம்.

எம்மூர்த் தந்தையர்க்கு இப்படம் ஏன் பொறுக்கவில்லை என்பதை நாம் பிற்பாடு பலமுறை சிந்தித்தோம். வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம் பாட்டன்மார் ஏன் இங்கு வந்தனர்? நிலமும் நீரும் கைவிட, மக்கள் நன்கு வாழ வேண்டும் என்னும் ஆசையால் அன்றோ? கிருஷ்ணசாமி ஊரைவிட்டு வந்ததும் அதே ஆசையாலேயே. அவன் நிலம் உள்ளவன், நம்மவர் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள் என்னும் வேறுபாடு உண்டு. ஆயினும் பெயர்ந்து வந்தவனின் அச்சம் ஒன்றே. ‘நான் எடுத்த முடிவால் என் பிள்ளைகள் கெட்டால்?’ என்பதே அது. சௌத்ரியின் துயர் கடமையால் வந்தது. வேலு நாயகரின் துயர் அவர் வலிமையால் வந்தது. கிருஷ்ணசாமியின் துயர் அவன் பிள்ளைகள்மேல் கொண்ட அன்பால் வந்தது. எந்தத் தந்தை இதைக் காணத் துணிவான்?

இன்னொன்றும் உண்டு. குற்றமற்றவன் குற்றவாளியாக நிறுத்தப்படும் நிலை இவ்வூர்க்குப் பழையது. தங்கம் கடத்துவர் என்னும் ஐயத்தால் இங்குள்ள தொழிலாளர் நாள்தோறும் சோதிக்கப்பட்டனர். மைசூர் அரசு சுரங்கங்களுக்கென்றே தனிச் சட்டம் செய்தது. தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதியவேண்டும் என்று கும்பினியார் முனைந்தபோது, 1930ஆம் ஆண்டில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘நாங்கள் திருடரல்லர்’ என்பதே அதன் உட்பொருள். ஆதலின் சிறைக் கம்பிக்குப் பின்னே கிருஷ்ணசாமி நிற்பதைக் கண்டபோது, எம்மூர் முதியவர்க்கு அது கதையாக மட்டும் தோன்றியிராது.

உலகெங்கும் இதே நிகழ்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1948ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் விட்டோரியோ தெ சீகா ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் படத்தை எடுத்தார். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது, அது திருடுபோகிறது. தந்தையும் சிறுவனும் ரோம் நகரெங்கும் தேடுகின்றனர். முடிவில் தந்தையே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரிலேயே பிடிபடுகிறான். உலகம் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. இத்தாலி மக்களில் பலரோ, நம் வறுமையை ஊரறியச் செய்துவிட்டாரே என்று கடிந்துகொண்டனர். இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிச் சென்னை முதலிய நகரங்களுக்கும் சென்றது. அதில் இப்படம் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே பிமல்ராயின் ‘தோ பீகா ஜமீன்’ எழுந்தது. அதிலும் நிலத்தைக் காக்கத் தந்தையும் மகனும் கல்கத்தாவுக்குத்தான் செல்கின்றனர். தந்தை ரிக்‌ஷா இழுக்கிறான். ஆகவே கிருஷ்ணசாமி கல்கத்தாத் தெருவில் தனியே நடக்கவில்லை. அவனுக்கு முன்னோர் உண்டு.

இனி, படத்தின் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. மக்கள் வாராமையால் மட்டும் அது எதிர்பார்ப்புக்குக் குறைந்தது என்றால், பழியெல்லாம் மக்கள்மேல் போய்விடும். படமும் தன் பங்குக்குச் சில இடங்களில் தவறியது. மீண்டு வந்த மகள் இரவில் உறக்கத்தில் பிதற்றுகிறாள். பகலில் வாய்திறவாத அச்சிறுமி, தான் பட்ட கொடுமையை உறக்கத்தில் தன்னை அறியாமல் கூறிவிடுகிறாள். தந்தை கேட்டு நிற்கிறான். நாம் கண்ட தமிழ்ப் படங்களில் இதற்கு இணையான காட்சி இல்லை என்றே துணிந்து கூறுவோம். அவ்விடத்தோடு தந்தைமையின் கதை தன் உச்சியை அடைந்துவிட்டது. அதன்பின் அத்தந்தை செய்யவேண்டியது யாது? அம்மகளை உறங்க வைப்பது, பள்ளிக்கு அனுப்புவது, தெருவார் பேச்சைத் தாங்கக் கற்பிப்பது. அதுவே அரிய செயல். படமோ அரிவாளையும் குருதியையும் நாடிவிட்டது. பழிவாங்கினாலன்றிப் பார்ப்போர் மனம் ஆறாது என்று கருதினர் போலும். அதனால் தந்தை மீண்டும் சிறை செல்ல, பிள்ளைகள் மீண்டும் தந்தையின்றி வளர்கின்றனர். இது கதையின் நோக்கத்துக்கே முரணானது அன்றோ? பழி தீர்த்த கை பெரிதாகத் தெரிய, மகளின் தலையை வருடவேண்டிய கை மறைந்துவிட்டது. சிறைக் காட்சிகளின் நீளமும் மிகுதியே. கமல்ஹாசன் அன்பர்கள் நம்மேல் சினங்கொள்ள வேண்டா; அவர்தம் படங்களில் நாம் பெரிதும் மதிப்பது இதுவே என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு குறை கூறுகிறோம்.

ஆனால் ஒரு செய்தியில் இப்படம் காலத்தை முந்தியது. சீட்டு நிறுவனங்களின் வஞ்சகத்தை 1994ஆம் ஆண்டிலேயே மையமாக எடுத்துக் காட்டியது. சட்டங்கள் இல்லாமல் இல்லை; பரிசுச் சீட்டுத் தடைச் சட்டம் 1978ஆம் ஆண்டிலும், சீட்டு நிதிச் சட்டம் 1982ஆம் ஆண்டிலும் வந்துவிட்டன. இருந்தும் மிகை வட்டி ஆசைகாட்டிய நிதி நிறுவனங்கள் பல, 1990களின் பிற்பகுதியில் வரிசையாகக் கதவடைத்தன. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது 1997ஆம் ஆண்டில். படம் வந்து மூன்றாண்டு கழித்து. கொட்டகையில் கூட்டம் குறைந்த அதே காலத்தில் அந்நிறுவனங்களின் வாயிலில் கூட்டம் நிறைந்திருந்தது.

நம் தங்கவயலுக்கும் அக்காற்று வீசியது. சுரங்கங்களின் வருவாய் அப்போதே சரிந்துவந்தது. மூடுவார்கள், மூடமாட்டார்கள் என்று நாளும் வதந்தி. 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் மைய அரசும் ஏற்று, 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் எனப் பெயர் பெற்ற அது, 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டே விட்டது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் இடத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து நமக்கு மின்சாரம் கொணர்ந்தனர். நாட்டின் பெருநகரங்கள் பலவும் இருளில் இருந்த காலத்தில் காவிரி நம் சுரங்கத்துக்கு ஒளி தந்தாள். அச்சுரங்கத்தின் எந்திரங்கள் நின்றபின், கீழே நீர் ஏறத் தொடங்கியது. சயனைடு மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

வேலை போனபின் கைக்கு வந்த தொகையை நோக்கி இனிய சொல்லர் பலர் லைன்களுக்கு வந்தனர். நம் வீட்டுக்கு வந்தவர் நன்கு உடுத்தியவர், தமிழர், நைனாவை ‘அண்ணே’ என்றே அழைத்தார். அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டாம். நைனா அத்தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்தார். தங்கையின் திருமணத்துக்கு இரட்டிப்பாகும் என்பது கணக்கு. திரும்பி வந்தது ஒரு தவணை வட்டி மட்டுமே. அப்படத்தைப் பாதியில் விட்டு வந்த மனிதர், அதன் முதற்பாதியை முழுதும் பார்த்திருந்தார் என்பதை நாம் அவரிடம் ஒருநாளும் நினைவூட்டியதில்லை. படம் பார்த்து மட்டும் மனிதர் ஏமாறாமல் இருந்துவிட முடியுமானால், கிருஷ்ணசாமிகள் உலகில் இரார்.

அதன்பின் நிகழ்ந்தவை நம் காலனியார் யாவர்க்கும் தெரிந்தவை. 1894ஆம் ஆண்டில் பொன்னையும் பொறிகளையும் ஏற்றிச் செல்லவெனப் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு அமைத்த இரயில் பாதை, மனிதரை ஏற்றிச் செல்லும் பாதையாயிற்று. விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறி, பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பும் தந்தையரும் பிள்ளைகளும் பல்லாயிரவர். காலையில் புறப்படும்போது உறங்கும் குழந்தை, இரவு வரும்போதும் உறங்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பிள்ளையின் குரல் கேட்கும் தந்தையர் நம்மிடையே உள்ளனர். இவர்களைப் பற்றி ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் அதில் அரிவாளுக்கு இடமிராது.

நம் தங்கையும் அவ்வண்டியிலேயே பெங்களூரின் தையல் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றுவந்தாள். 2004ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை வாரத்தில் ஓர் இரவு, தொலைக்காட்சியில் ‘மகாநதி’ ஓடிக்கொண்டிருந்தது. நைனா பாயில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்கத்தாக் காட்சி வந்தது, எழவில்லை. மகள் உறக்கத்தில் பிதற்றும் இடம் வந்தபோது மட்டும், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு, உரிகம் நிலையத்துக்கு நடந்தார். வண்டி வர இன்னும் ஒருமணி நேரத்துக்குமேல் இருந்தது. அன்று வண்டி தாமதம் வேறு. நாம் பின்தொடர்ந்து சென்றபோது, நடைமேடைப் பலகையில் விளக்கை அணைத்து வைத்துவிட்டு, பங்காருப்பேட்டைப் பக்கமே பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தார். “படம் முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார். “இல்லை, நைனா” என்றோம். வண்டி வந்தது. தங்கை இறங்கினாள். அவள் கையிலிருந்த சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் முன்னே நடந்தார்.